பெரியம்மாவின் கல்லறையில் ஏற்றிய மெழுகுதிரி

கடந்த ஆண்டு இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது, மறுபடியும் எழுந்து நடந்தால் ஏற்காட்டுக்கு வந்து அக்காவின் கல்லறையிலும் அதற்கு அடுத்த கல்லறையிலும் தன் கையாலேயே மெழுகுதிரி ஏற்றுவதாக அம்மா லூர்து மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தார். 84 வயதில் மாதா அவரை நடக்கவைத்த பிறகு, இனித் தள்ளிப்போடக் கூடாது என்று இந்தக் கல்லறைத் திருநாளன்று சேலத்திலிருந்து புறப்பட்டோம்.

2025இல் நவம்பர் 2 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்ததால், 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சுற்றுலா வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஏரிக்கரையில் அறை வேண்டுமா, படகுச் சீட்டு வேண்டுமா என்று கார்க் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கேட்டார்கள். செபமாலையைக் கையில் பிடித்திருக்கும் ஒரு முதியவரிடம்கூடப் பேரம் பேச வருகிறார்களே என்று மனம் வெம்பியது. அம்மா மட்டும் வாய்க்குள் அருள் நிறைந்த மந்திரத்தை விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

பெரியம்மா குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரி. அன்னை ஆன் மரி ஜாவுஹே 1807இல் பிரான்சில் தொடங்கிய அந்தச் சபை, 1827இல் புதுச்சேரிக்கு வந்து, 1894இல் இந்த மலையில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது. கலெக்டர் காக்பர்ன் 1820களில் காப்பிச் செடியைக் கொண்டுவந்த நாளிலிருந்து ஏற்காடு வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களின் ஊராகிவிட்டிருந்தது. மோட்டார் வண்டி ஏறாத அந்தக் காலத்தில், கடல் கடந்து இங்கே வந்து சேர்ந்த அம்மாமாரின் துணிவை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

ஆனால் தமிழ்ப் பெண்கள் துறவறம் பூண விரும்பினால் தங்களுக்கென்று தனிச் சபையைத்தான் நாட வேண்டும் என்பதே அன்று பலரின் எண்ணமாக இருந்தது. 1844இல் புதுச்சேரியில் துய்ப்புயி சுவாமி தமிழ்ப் பெண்களுக்காகத் தொடங்கிய மரியாயின் மாசற்ற இருதய சபை அப்படிப் பிறந்ததுதான். 1926இல் திருத்தந்தை பதினோராம் பயஸ், மறைபரப்பு நாடுகளின் சொந்த மக்களைத் துறவறத்துக்கு உருவாக்கும்படியும் அவர்களைத் தாழ்ந்தவர்களாக நடத்தக் கூடாது என்றும் சுற்றுமடல் எழுதினார். ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த எங்கள் தாத்தாவுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

1944இல் பெரியம்மா மடத்தில் சேர்ந்தபோது, "துரைசானி அம்மாமாருக்குப் பாத்திரம் கழுவவா என் மகளைப் பெற்றேன்?" என்று கொதித்த தாத்தா, அவரைத் திருப்பிக் கூட்டிவர மலையேறினாராம். மடத்துச் சமையற்கட்டின் வாசலில், பிரெஞ்சுக்கார மூத்த சகோதரி ஒருவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க, எதிரே பெரியம்மா உட்கார்ந்திருக்க, இருவருக்கும் நடுவில் ஒரே முறத்தில் அரிசி கிடந்தது. கண் மங்கிய அந்த அம்மா கல்லை விரலால் தடவிப் பார்த்து எடுப்பதும், விட்டுப்போனதைப் பெரியம்மா பொறுக்குவதுமாக இருந்ததைத் தாத்தா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிட வந்த வார்த்தையைச் சொல்லாமலே இறங்கிவிட்டார். அந்த அம்மாவின் கல்லறைதான் பெரியம்மாவினுடையதற்கு அடுத்தது. எங்கள் குடும்பம் இரண்டு மெழுகுதிரி ஏற்றுவது அதனால்தான்.

கல்லறைத் தோட்டத்தில் பனி இறங்கியிருந்தது. பின்வரிசைக் கற்களில் எங்கள் வாயில் நுழையாத அயல்நாட்டுப் பெயர்கள். முன்னே வர வர நம் ஊர்ப் பெண்களின் பெயர்கள் கலந்து, பிறகு அவையே நிறைந்துவிடுகின்றன. பள்ளியைத் தொடங்கியவர்களும் அதை அவர்கள் கையிலிருந்து வாங்கி நடத்தியவர்களும் ஒரே அளவுக் கற்களின் கீழ் இருக்கிறார்கள். சுவாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தபோது, அம்மா என் தோளை விட்டுவிட்டுக் குனிந்து, பாசி படிந்த எழுத்துகளை முந்தானையால் துடைத்தார். ஈரக் காற்றில் மூன்று முறை அணைந்த திரியை நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டியும் கொடுக்கவில்லை. நான்காம் முறை சுடர் நின்றது. "நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்குத் தந்தருளும் சுவாமி" என்று அவர் தொடங்கியதும், பக்கத்துக் கல்லறைகளில் நின்றிருந்த, எங்களுக்கு அறிமுகமே இல்லாதவர்கள் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மாதாவே, ஓராண்டுக்கு முன் படுக்கையில் புரளக்கூட முடியாமல் கிடந்தவரை இந்த ஈர மண்ணில் நிற்கவைத்தீரே, இதற்கு நான் என்ன சொல்லி நன்றி செலுத்துவேன்!

பிறகு குகை போல அமைந்த லூர்து மாதா கெபிக்குப் போனோம். அங்கே இருந்த நெரிசலோ, மெழுகுதிரியை இரு மடங்கு விலைக்கு விற்றதோ என் மனதில் ஒட்டவே இல்லை. அம்மா ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு, கூப்பிய கைகளுடன் தனியாக நின்று ஒரு செபமாலை முழுவதையும் முடித்தார்.

இறங்கும் வழியில், அடுத்த ஆண்டு நவம்பர் 2 என்ன கிழமை என்று கேட்டார். திங்கட்கிழமை என்றேன்.

"அப்படியானால் இவ்வளவு கூட்டம் இருக்காது, காலையிலேயே கிளம்பிவிடுவோம்" என்றார்.