பெப்பேவும் புகார்க் கடிதங்களும்

இங்கிலாந்தில் பேக்கேஜ் டூர் நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தபோது, அங்கே அடிக்கடி அடிபட்ட பெயர் பெப்பே. வரவேற்பு, லக்கேஜ், சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் ஓடும் ஓட்டல் என்றால், 'அங்கே ஒரு பெப்பே இருக்கிறார்' என்பார்கள். 1972இல் வந்த 'கேரி ஆன் அப்ராட்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைப் படத்தில் பீட்டர் பட்டர்வொர்த் நடித்த பாத்திரம் அது.

எல்ஸ்பெல்ஸ் என்ற கற்பனை ஊரில் ஓட்டலைக் கட்டி முடிப்பதற்குள் டூர் கூட்டம் வந்து இறங்கிவிடும். குழாயைத் திறந்தால் மணல் கொட்டும். அலமாரிக்குப் பின்பலகை இருக்காது. எல்லாரும் ஒரே நேரத்தில் ரிசப்ஷனுக்குப் போன் போட, பெப்பே திண்டாடிப்போவார். மிகை என்று தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் கட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் ஓட்டல்களுக்குச் சுற்றுலாப் பயணிகளை அனுப்பியது நிஜம்.

படத்தின் கொச்சையில் பாதி இன்றைக்கு நெளிய வைக்கிறது. சிட் ஜேம்ஸ் எட்டிப் பார்த்துச் சிரிக்கும் காட்சிகளை ஓட்டிவிட்டுத்தான் பார்ப்பேன். இன்னொரு வேடிக்கை, தலைப்பில் வெளிநாடு இருந்தாலும் படக்குழு அந்தப் பக்கமே போகவில்லை. ஓட்டலை இங்கிலாந்திலுள்ள பைன்வுட் ஸ்டுடியோ வளாகத்திலேயே செட் போட்டார்கள்.

எனக்கு நெருக்கமானவர் கென்னத் வில்லியம்ஸ் நடித்த டூர் பிரதிநிதிதான். ஓட்டல் அவருடையதல்ல, குழாய் அவர் போட்டதல்ல. ஆனால் திட்டு மட்டும் முழுசாக அவருக்கு. எங்கள் பிரதிநிதிகளும் அப்படித்தான். பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். "பஸ் வாசலில் நிற்கிறது, ரூம் இல்லை என்கிறார்கள், நான் என்ன சொல்லட்டும்?" என்று ராத்திரியில் போன் வரும். பேக்கேஜ் டூர்களுக்கான 1992 விதிமுறைகளுக்குப் பிறகு 'அது ஓட்டல்காரர் பாடு' என்று கை கழுவ வழியில்லை. டூரை ஏற்பாடு செய்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். சரி, பக்கத்து ஊரில் ரூம் தேடு என்போம்.

படத்தின் முடிவில் மழை கொட்டும். வற்றிய ஆற்றுப் படுகையில் கட்டிய ஓட்டல் இடிந்து விழும். உள்ளே கூட்டமோ குடித்துவிட்டு ஆடிக்கொண்டிருக்கும். இதை நம்பாதவர்கள் எங்கள் தபாலைப் பிரித்ததில்லை. ஒரு அம்மாள் பால்கனியிலிருந்து எடுத்த போட்டோ அனுப்பியிருந்தார். போட்டோ முழுக்க கட்டுமான கிரேன். ஓரத்தில் பேனாவால் அம்புக்குறி போட்டு, 'கடல் இந்தப் பக்கம்' என்று எழுதியிருந்தார். நான்கு பக்கம் கோபம். அப்புறம் கடைசி வரியில், அடுத்த ஜூலைக்கு அதே ஓட்டலில் தள்ளுபடி கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.