வி.ஆர். படத்துக்கு க்ரியேட்டிவ் டைரக்டர் ஆக நினைப்பவர்களுக்கு

ஹெட்செட் மாட்டிக்கொண்டு நாலா பக்கமும் திரும்பிப் பார்க்கும் படம்தான் வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி). அந்தப் பக்கம் வர நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த கேமரா வாங்கலாம்?" கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். க்ரியேட்டிவ் டைரக்டருக்குச் சம்பளம் கொடுப்பது வேறு விஷயத்துக்கு. பார்ப்பவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பலாம். ஆனாலும் கதை நடக்கும் நேரத்தில், கதை நடக்கும் பக்கம் அவர் முகம் இருக்க வேண்டும். ஃப்ரேமும் க்ளோஸ்-அப்பும் இல்லாமல் இதைச் சாதிப்பதுதான் இந்த வேலை.

தெருக்கூத்தில் இதற்கு விடை இருக்கிறது. இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்க, அதன் பின்னாலிருந்து பாட்டு முதலில் வரும். கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பிய பிறகுதான் வேஷக்காரர் முகத்தைக் காட்டுவார். வி.ஆரிலும் சத்தம் முந்த வேண்டும், செயல் பிந்த வேண்டும். இடையில் இரண்டு விநாடியாவது இருக்கட்டும். கேமரா கற்பதற்கு முன் நாடகமும் ஒலியும் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

திரைக்கதையையும் அப்படியே எழுதலாம். தாளில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் கேமராவை வைத்து, திசைகளைக் கடிகார மணியாகக் குறியுங்கள். 12 மணியில் அம்மா காபி ஆற்றுகிறாள்; 2 மணியில் கதவு தட்டும் சத்தம்; இரண்டு விநாடி கழித்துக் கதவு திறக்கிறது. ஹெட்செட்டில் ஒரு நேரத்தில் தெரிவது சுமார் 100 டிகிரிதான். சுழலாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சிரமமில்லாமல் கழுத்தைத் திருப்புவது பக்கத்துக்கு 30 டிகிரி அளவு. அதனால் கதைக்கு உயிரான எதையும் 6 மணியில் வைக்காதீர்கள். அங்கே தவறவிட்டாலும் பரவாயில்லை என்பவை மட்டும் இருக்கட்டும். ஒரு ஷாட் முடியும்போது பார்வை 2 மணியில் இருந்தால், அடுத்த ஷாட்டின் முக்கியமான ஆளும் அதே 2 மணியில் தொடங்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு கட்டிலும் பார்ப்பவர் ஆளைத் தேடிக்கொண்டிருப்பார்.

நடிகர்களை கேமராவிலிருந்து ஒன்றரை முதல் மூன்று மீட்டருக்குள் நிறுத்துவது பாதுகாப்பு. வி.ஆர். கேமராவில் சுற்றிலும் பல லென்ஸ்கள் இருக்கும்; அவை எடுத்த படங்களை ஒட்டித்தான் முழுப் படம் வரும். அந்த ஒட்டும் இடம்தான் ஸ்டிச்சிங் கோடு. லென்ஸ்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பதால் பக்கத்துப் பொருளை ஒவ்வொன்றும் வேறு கோணத்தில் பார்க்கும். ஒரு மீட்டருக்குள் வந்தவரின் கை ஸ்டிச்சிங் கோட்டில் இரண்டாகப் பிளந்து தெரிவது அதனால்தான். மூன்று மீட்டரைத் தாண்டத் தாண்ட 3டி ஆழம் தட்டையாகிக்கொண்டே போகும். முகம் எந்தக் கோட்டிலும் விழாதபடி, ஒத்திகையின்போதே கேமராவைத் திருப்பி வையுங்கள். உட்கார்ந்து பார்க்கும் படத்துக்கு லென்ஸ் உயரம் சுமார் 120 சென்டிமீட்டர். அதை 160-க்கு ஏற்றினால் அந்தரத்தில் மிதப்பது போலிருக்கும்.

சுற்றிலும் வரும் ஒலியை அதன் திசையோடு பதிவு செய்யும் ஆம்பிசோனிக் மைக்கை கேமராவுக்கு நேர் கீழே வைத்து, அதன் முன்பக்கமும் கேமராவின் முன்பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். டேக் தொடங்கும் முன் 12, 3, 6, 9 மணி இடங்களில் ஒருவர் நின்று கைதட்டட்டும். திசை மாறிப் பதிவானால் சாதாரண மானிட்டரில் தெரியாது, ஹெட்செட் போட்டதும் ஆள் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் நிற்கும். வசனத்துக்குச் சட்டையில் மறைத்த லேப்பல் மைக் தனியாக வேண்டும்.

சென்னையில் க்ளையன்ட் கண்டிப்பாகக் கேட்பது ஆட்டோவில் போகிற ஷாட். கண் ஓடுகிறது என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது. குமட்டல் அங்கேதான் தொடங்குகிறது. ஆட்டோவின் கூரையும் கம்பியும் டிரைவரின் முதுகும் அசையாமல் தெரிந்தால் ஓரளவு தாங்கும். நேர் சாலையில், ஒரே வேகத்தில் எடுங்கள். திருப்பமும் திடீர் பிரேக்கும்தான் மோசம். கேமராவைத் தனியாகக் கம்பத்தில் கட்டி ஓட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மே மாத நண்பகலை விட்டுவிடுங்கள். வெயிலும் கோபுர நிழலும் ஒரே ஷாட்டில் விழும், கேமராவும் சூடாகி நின்றுவிடும். காலை 8 மணிக்குள் முடிப்பது நல்லது. ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த லென்ஸ் ஈரக்காற்றில் பனித்துப்போகும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே வெளியே இருக்கட்டும். பாண்டி பஜாரில் கூட்டம் கேமராவை முறைத்தால், ஹெட்செட்டில் அது பார்ப்பவரின் கண்ணையே முறைக்கும். யூனிட் ஒளிந்துகொள்ள சுவரோ வேனோ பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

உள்ளே எடுக்கும்போது விளக்கை ஒளித்துவைக்க இடமே இருக்காது. டிரைபாடை அசைக்காமல், முன்பாதியில் நடிப்பு நடக்கையில் பின்பாதியில் விளக்கை வைத்து எடுக்கலாம். பிறகு விளக்கை அகற்றிவிட்டுப் பின்பாதியை மட்டும் எடுத்து, கம்பாசிட்டிங்கில் (தனித்தனியாக எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றாக்கும் வேலை) ஒட்டலாம். ஜன்னல் வெளிச்சம் நடுவில் மாறினால் ஒட்டு தெரியும். இன்ஸ்டா360 ப்ரோ 2 போன்ற ஆறு லென்ஸ் கேமராவில் லென்ஸுக்கு ஒரு மெமரி கார்டு. ஒன்று மந்தமானாலும் டேக் போச்சு.

வேலைக்கான வழி? வடபழனி, சாலிகிராமம் பக்கம் வி.எஃப்.எக்ஸ். கம்பாசிட்டிங் கற்றவர்களுக்கும், யூனிட்டி, அன்ரியல் என்ற கேம் உருவாக்கும் மென்பொருள்கள் தெரிந்த ஆட்களுக்கும் நுழைவது எளிது. கூத்துப்பட்டறை போன்ற நாடகக் குழுவில் பயின்றவர்களுக்கு இன்னும் எளிதாக இருக்க வேண்டும், ஆனால் அவர்கள் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். வருமானம் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பயிற்சி, அருங்காட்சியகம், வீட்டு விற்பனை வேலைகளிலிருந்து வரும். கலைக்கு வெனிஸ் திரைப்பட விழா 2017 முதல் வி.ஆர். போட்டி நடத்துகிறது. ஏ.ஆர். ரஹ்மான் இயக்கிய 'லே மஸ்க்' 2022-இல் கான் திரைப்பட விழாவின் வி.ஆர். பிரிவான கான் எக்ஸ்.ஆரில், அசையும் நாற்காலியும் வாசனையும் சேர்த்துக் காட்டப்பட்டது.

போர்ட்ஃபோலியோவுக்கு ஒரு அறை, இரண்டு நடிகர்கள், மூன்று நிமிடம் போதும். ஐந்து பேருக்குப் போட்டுக்காட்டி, எந்த விநாடியில் யார் தலை எந்த மணிக்குத் திரும்பியது என்று எழுதுங்கள். மூன்று பேர் தவறவிட்ட இடத்தில் சத்தத்தை முன்னால் தள்ளி மறுபடி காட்டுங்கள். அந்தத் திருத்தக் குறிப்பையும் இன்டர்வியூவுக்கு எடுத்துப்போங்கள். லிங்க் அனுப்பாதீர்கள், நெட் மந்தமானால் படம் கலங்கிவிடும். படத்தை ஹெட்செட்டிலேயே ஏற்றி, சார்ஜ் போட்டு, கண்ணாடி போட்டவர்களுக்கு ஹெட்செட்டில் இடைவெளி விடும் ஸ்பேசரோடு கையில் கொண்டுபோங்கள்.