காணாமல் போன 1.8 டெராபைட்

அக்டோபர் 7, 2025, செவ்வாய்

ஸ்டூடியோ அண்ணன் என்னைப் பசியாறக்கூட விடவில்லை. பாதி ரொட்டி சானாயை வாயில் போட்டுக்கொண்டே அவர் பின்னால் போனேன். ஈப்போவில் ஏதோ அலுவலகம் கழித்துப் போட்ட பழைய டவர் சர்வரை மலிவாகப் பிடித்து வந்திருக்கிறார். அதில் நான்கு 4 டிபி டிஸ்க்குகள். நான்குமே 2.2 டிபி என்றுதான் காட்டுகின்றன.

"பதினாறுக்குக் காசு கொடுத்தேன் தம்பி, ஒன்பதுகூட வரல. போலி மாலா?"

டிஸ்க்கில் எழுதியிருப்பதெல்லாம் சரிதான், போலி இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு விஷயம். மூன்றுதான் காலி. நான்காவதில் 2.9 டிபி வீடியோ இருக்கிறது. சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் எண்பதுகளிலிருந்து அவர் எடுத்த கல்யாணம், மாரியம்மன் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாம் அதில்தான். கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்ற அவர் மகனுக்கு இரண்டு வருடம் பிடித்ததாம். கேசட்டுகளில் பாதி பூஞ்சணம் பிடித்து, எறிந்தாயிற்று. ஆக இருப்பது ஒரே ஒரு பிரதி. அதையும் இந்தச் சர்வரில் செருகி வைத்திருக்கிறார்!

அந்த டிஸ்க்கைப் பார்த்த மென்பொருள், பகிர்வு அட்டவணை (டிஸ்க்கின் எந்தப் பகுதி எங்கே என்ற குறிப்பு) கெட்டிருக்கிறது, சரிசெய்யவா என்று கேட்டது. மகன் மௌஸில் கை வைத்ததும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஜிபிடி என்ற புதிய முறையில் அட்டவணையின் இரண்டாவது நகல் டிஸ்க்கின் கடைசியில் இருக்கும். கடைசியே 2.2-இல்தான் என்று நம்பும் சர்வருக்கு அந்த நகல் கண்ணில் படாது. 'சரிசெய்' என்றால் புது நகலைக் கொண்டுபோய் 2.2-இல் எழுதும். அங்கே யாருடைய தாலிகட்டு ஓடுகிறதோ. டிஸ்க்கைக் கழற்றி டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

எனக்கு முதலில் எம்பிஆர் என்ற பழைய அட்டவணை முறை மேல்தான் சந்தேகம். அது செக்டார் (டிஸ்க்கின் சிறு கட்டம்) எண்ணை 32 பிட்டில், அதாவது 0, 1 மட்டுமே உள்ள 32 இலக்கத்தில் எழுதும். 4,294,967,296 செக்டார், ஒவ்வொன்றும் 512 பைட், பெருக்கினால் 2.2 டிபி. எண் கச்சிதமாகப் பொருந்தியதும் துள்ளிக் குதித்து ஒரு காலி டிஸ்க்கை ஜிபிடிக்கு மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை. பகிர்வு மட்டும் சிறியதாகத் தெரிந்தால் எம்பிஆரைக் குறை சொல்லலாம். இங்கே டிஸ்க்கே சிறியதாகத் தெரிகிறது. இதைக் காலையிலேயே யோசித்திருந்தால் அரை மணி நேரம் மிச்சம்.

அக்டோபர் 8, புதன்

கடையில் கூட்டம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 14ஆம் தேதியோடு முடிகிறது என்று யாரோ வாட்சப்பில் அனுப்ப, ஊரே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. அண்ணன் வேறு நடுவில் இரண்டு தடவை போன். 20ஆம் தேதி தீபாவளி. சிங்கப்பூரிலிருந்தும் கேஎல்லிலிருந்தும் வருகிறவர்கள் பழைய தோட்டத்து வீடியோ கேட்டிருக்கிறார்களாம்.

இரவு பத்து மணிக்குத்தான் சர்வரில் ஓடும் லினக்ஸின் மைய நிரலான கெர்னல் எழுதிய பதிவைப் படித்தேன். விஷயம் அங்கேயே இருந்தது. டிஸ்க்கிடம், உன்னிடம் எத்தனை செக்டார் என்று கெர்னல் முதலில் பழைய கட்டளையால் கேட்கும். ரீட் கெபாசிட்டி 10 என்று அதற்குப் பெயர். அதில் பதில் எழுத 32 பிட் இடம்தான். டிஸ்க் அதைவிடப் பெரியது என்றால் எட்டு இடத்திலும் 'எஃப்' போட்டுத் திருப்பி அனுப்பும்; 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அது. 'இந்தப் பாரத்தில் இடம் போதாது, பெரிய பாரம் கொண்டு வா' என்று அர்த்தம். பிறகு கெர்னல் ரீட் கெபாசிட்டி 16-ஐ அனுப்பும், அதில் 64 பிட் இடம் உண்டு. இந்தச் சர்வரில் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதிலே வரவில்லை. வேறு வழியில்லாமல் கெர்னல் அந்த எட்டு எஃப்பையே அளவாக எடுத்துக்கொண்டது.

டிஸ்க் பொய் சொல்லவில்லை. நடுவில் நிற்கும் ஆள்தான் சொன்னதைக் கொண்டு சேர்க்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

இன்று நடந்ததை விளக்கமாக எழுத வேண்டும்.

ஒரு காலி டிஸ்க்கை, நடுவில் நின்று டிஸ்க்குகளைச் சர்வரோடு இணைக்கும் சாஸ் கார்டு பக்கமே போகாமல் மதர்போர்டின் சாட்டா முனையில் நேராக மாட்டினேன். முழு 4 டிபியும் தெரிந்தது. கணினியைக் கிளப்பிவிடும் பழைய பயாஸ்தான் காரணம், அதற்கு இவ்வளவு பெரிய டிஸ்க் தெரியாது என்று மகன் நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். பெரிய டிஸ்க்கிலிருந்தே பூட் செய்வதானால் அந்தப் பேச்சு வரும். இங்கே லினக்ஸ் இருப்பது தனியாக ஒரு சின்ன எஸ்எஸ்டியில். தரவு டிஸ்க்கைப் பொறுத்தவரை பயாஸ் என்ன நினைத்தால் நமக்கென்ன.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சும்மா இருக்காமல் அதே டிஸ்க்கை என் பழைய யுஎஸ்பி டாக்கில் (டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்கும் பெட்டி) வைத்து விண்டோஸ் லேப்டாப்பில் மாட்டினேன். 1678.02 ஜிபி என்றது!

சர்வரில் 2.2, இங்கே 1.8. ஒரே டிஸ்க்கு. அண்ணன் என்னையே சந்தேகமாகப் பார்த்தார். நான் சிட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். விண்டோஸ் கணக்கில் சர்வர் காட்டியது 2048 ஜிபி. 2048-உம் 1678.02-உம் சேர்ந்தால் 3726.02. ஒரு 4 டிபி டிஸ்க்குக்கு விண்டோஸ் காட்ட வேண்டிய எண் அதுவேதான்.

எழுந்து ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வந்து அண்ணனுக்கு விளக்கினேன். ரப்பர் பால் நிறுக்கும் பால் ஸ்டோரில் தராசு நினைவிருக்கிறதா? சுமை கூடினால் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். சாஸ் கார்டு அந்த ரகம். என் டாக்கு அப்பாவின் கப்சாய் மோட்டார் சைக்கிள் மீட்டர் ரகம். 99999 தாண்டியதும் சுழியத்துக்கு வந்து முதலிலிருந்து எண்ணும். அது 2.2-ஐ முழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்கிறது. இரண்டுக்கும் நோய் ஒன்றுதான், 32 பிட்.

இரண்டில் டாக்குதான் ஆபத்து. தராசு நின்றுவிட்டால் ஏதோ கோளாறு என்று தெரியும். மீட்டர் சுற்றி வந்தால் பழைய வண்டியைப் புதுசென்று நம்பிவிடுவோம். விண்டோஸும் உடனே, இது புது டிஸ்க், தயார்செய்யவா என்று கேட்டது. அது காலி டிஸ்க் என்பதால் பதற்றமில்லாமல் 'வேண்டாம்' அழுத்தினேன். அந்த வீடியோ டிஸ்க்காக இருந்திருந்தால் மறுபடி கத்தியிருப்பேன்.

அக்டோபர் 11, சனி

நேற்று எழுத விட்டுப்போனது. இரண்டாவது டிஸ்க்கை மதர்போர்டில் மாட்டினால் மூச்சே இல்லை, சுழலவே இல்லை. செத்துவிட்டது என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுபடி சர்வரின் தட்டில் செருகினால் ஜோராக ஓடுகிறது. காரணம், மின் முனையின் மூன்றாவது பின் (தொடுமுனை). பழைய சாட்டா மின் கேபிளில் அதில் 3.3 வோல்ட் வரும். புதிய டிஸ்க்குகள் சிலவற்றுக்கு அந்தப் பின்னில் மின்சாரம் வந்தால் 'அணைந்திரு' என்று அர்த்தம். இந்தச் சர்வரின் தட்டுக்கு 3.3 வோல்ட் வருவதில்லை, அதனால் அங்கே பிரச்சினை இல்லை. அந்தப் பின்மேல் மட்டும் மின்சாரம் கடத்தாத கேப்டன் (Kapton) டேப் ஒட்டினேன், ஓடியது.

சாஸ் கார்டைக் கழற்றி ஹீட்சிங்க்கின் அடியில் பார்த்தேன். 1068இ சிப். 2.2-க்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. அதன் உள் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றினாலும் பயனில்லை, வரம்பு சிப்பிலேயே இருக்கிறது. மதர்போர்டில் சாட்டா முனை இரண்டுதான், நான்கு இருந்திருந்தால் கார்டே வேண்டாம் என்றிருப்பேன். கேஎல்லில் ஒருவரிடம் 2008 என்ற எண்ணுள்ள சிப் வைத்த பழைய கார்டுக்குச் சொல்லிவிட்டேன். ஐடி முறை ஃபர்ம்வேர் போட்டதாக வேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். அதுதான் ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்ப்பது) வேலையில் தலையிடாமல் டிஸ்க்கை அப்படியே லினக்ஸிடம் ஒப்படைக்கும். கேபிள் முனையும் வேறு, அதையும் சேர்த்துத்தான்.

"கார்டுக்கும் நான்தான் காசு கொடுக்கணுமா?" என்றார் அண்ணன்.

அக்டோபர் 14, செவ்வாய்

கார்டு வரவில்லை. விண்டோஸ் 10 மட்டும் முடிந்தது. நாளையிலிருந்து கணினி ஓடாதா என்று ஏழு பேர் கேட்டுவிட்டார்கள். ஓடும், நீட்டிப்புக்குப் பதியாவிட்டால் பாதுகாப்புத் திருத்தம்தான் வராது.

அக்டோபர் 16, வியாழன்

வந்தது. மாட்டினேன். மூன்று காலி டிஸ்க்கும் முழுசாகத் தெரிகின்றன. இரண்டை, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும் கண்ணாடி ரெய்டாகச் சேர்த்தேன். ஒத்திசைய ஒன்பது மணி நேரம் என்கிறது. நாலு மணிக்கு வழக்கம்போல இடி, மின்னல். யுபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது நல்லதாகப் போயிற்று.

அக்டோபர் 18, சனி

வீடியோ டிஸ்க்கை நேற்று முதல்முறையாகப் புது கார்டில் மாட்டினேன், படிக்க மட்டும். நேற்று இரவே நகல் முடிந்து, இன்று மதியம் வரை ஒவ்வொரு கோப்பின் செக்சம்மையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.

அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னும் 3.6 தானே காட்டுது, மிச்சம் எங்கே?" என்றார். டிஸ்க் செய்கிறவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், கணினி 1024ஆக எண்ணுகிறது, எதுவும் தொலையவில்லை என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. பழைய தோட்டக் கிராணி (கணக்கர்) எடையைக் குறைத்து எழுதின கதையை ஆரம்பித்தார்.

பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஓர் அம்மா, திரையில் ஓடிய தீமிதியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அது எங்கள் லயம் (தோட்டத்து வீட்டு வரிசை) என்றார். இப்போது அங்கே செம்பனைதான்.

மூன்றாவது டிஸ்க்கை உதிரியாக வைத்தாயிற்று. நான்காவதையும் சர்வரில் சேர்த்து இடத்தைக் கூட்டச் சொன்னார். முடியாது என்றேன். கண்ணாடி ரெய்டில் தப்பாக அழித்தால் இரண்டிலும்தான் அழியும். இடி விழுந்தாலும் அப்படியே. அது வெளியே, வேறு வீட்டில் இருக்க வேண்டும். யார் வீட்டில் என்று பேசி, கடைசியில் என் வீட்டில் என்று முடிவானது. அண்ணி ஒரு டின் முறுக்கு கொடுத்தார். டின் காலியானதும் டிஸ்க் அதற்குள் போகும், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு.