மார்ட்டினாவோடு ஒரு விம்பிள்டன்

ஜூலை 1, 2025, செவ்வாய்

செக் வீராங்கனை பெட்ரா க்விட்டோவா முதல் சுற்றிலேயே கிளம்பிவிட்டார். எம்மா நவாரோவிடம் 6-3, 6-1. 2011, 2014 இரண்டு முறை இங்கே பட்டம் வாங்கியவர். போன வருடம்தான் குழந்தை பிறந்தது, இந்த வருடத்தோடு ஓய்வு என்றும் சொல்லிவிட்டார். ஆட்டத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இடது கையால் அவர் போட்ட இரண்டு மூன்று சர்வுக்காகவே உட்கார்ந்து பார்த்தேன். அட்வான்டேஜ் பக்கம், அதாவது கோர்ட்டின் இடது பாதியில் நின்று, பந்தைச் சீவிவிட்ட மாதிரி ஸ்லைஸ் பண்ணினால் அது தரையில் பட்டதும் வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டு ஓடும். வலது கைக்காரர் பேக்ஹேண்டை நீட்டிக்கொண்டே கோர்ட்டை விட்டு வெளியே போக வேண்டியதுதான்.

அக்கா மகள் பக்கத்தில் இருந்தாள். பதினைந்து வயது, ஜில்லா அளவில் ஆடுகிறாள். "இந்த சர்வை யார்கிட்ட கத்துக்கிட்டாங்க மாமா?" என்றாள். மார்ட்டினாவைப் பார்த்து வளர்ந்தவர் என்றேன்.

"யாரு, ஹிங்கிஸா? அவங்க ரைட் ஹேண்ட் ஆச்சே!"

அவளுக்கு மார்ட்டினா என்றால் சானியாவோடு டபுள்ஸ் ஆடியவர்தான். அந்த ஹிங்கிஸுக்கு அவர் அம்மா அந்தப் பெயரை வைத்ததே நவ்ரத்திலோவா மேல் இருந்த பிரியத்தில்தான் என்று சொன்னால் நம்ப மறுக்கிறாள். ஹிங்கிஸும் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, ஏழு வயதில் அம்மாவோடு சுவிட்சர்லாந்து போனவர். சரி, இந்த இரண்டு வாரமும் இரவு மேட்ச் முடிந்ததும் பழைய மார்ட்டினாவை, அதாவது நவ்ரத்திலோவாவைப் பார்ப்பது, தோன்றியதை இங்கே எழுதுவது என்று முடிவு.

ஜூலை 2, புதன்

மார்ட்டினா நவ்ரத்திலோவா 1956 அக்டோபர் 18, செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகில் பிறந்தார். அப்போது பெயர் மார்ட்டினா ஷுபெர்ட்டோவா. மூன்று வயதில் பெற்றோர் பிரிந்துவிட, அம்மா மறுமணம் செய்துகொண்ட மிரோஸ்லாவ் நவ்ராட்டில்தான் பேட்டைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். பாட்டியும் ஒரு காலத்தில் தேசிய அளவில் ஆடியவர். பிராகுக்குப் பக்கத்தில் பெரோங்கா ஆற்றங்கரையில் இருக்கும் ரெவ்னிட்செதான் வளர்ந்த ஊர். அங்கே எல்லாம் செம்மண் கோர்ட். செம்மண்ணில் வளர்ந்த பிள்ளைகள் பேஸ்லைனில் நின்று நாள் முழுக்க பந்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். இந்தப் பெண்ணுக்கு மட்டும் நெட்டுக்கு ஓடாமல் இருப்புக் கொள்ளாது.

பிராகில் ஜார்ஜ் பார்மா என்ற நல்ல கோச் கிடைத்தார். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் நாட்டுக்குள் வந்தன. மார்ட்டினாவுக்கு அப்போது பதினொரு வயது. வெளிநாட்டில் இருந்த பார்மா திரும்பவே இல்லை, பிறகு அமெரிக்காவில் குடியேறிவிட்டார். டென்னிஸ் சொல்லிக்கொடுத்த ஆள் ஒரே நாளில் ஊரை விட்டுப் போய்விட்டால் ஒரு குழந்தை அதை எப்படி எடுத்துக்கொள்ளும்? நாட்டை விட்டுப் போகலாம் என்ற பாடத்தையும் அவரிடமே கற்றாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பதினைந்து வயதில், 1972இல், தேசிய சாம்பியன்.

ஜூலை 4, வெள்ளி

1975தான் முக்கியமான வருடம். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த வருடம் ஆஸ்திரேலிய ஓபன் இறுதி ஆட்டம் வரை போய் ஈவோன் கூலகாங்கிடம் தோற்றார். பிரெஞ்சு ஓபன் இறுதியில் அமெரிக்காவின் கிறிஸ் எவர்ட்டிடம் தோல்வி. நாடுகளுக்கு இடையே நடக்கும் பெண்கள் போட்டியான ஃபெடரேஷன் கோப்பையைச் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு வாங்கிக் கொடுத்தார். இவ்வளவும் பதினெட்டு வயதில். இதற்கெல்லாம் ஊரில் என்ன மரியாதை? வெளிநாட்டுக்கு ஆடப் போகும் ஒவ்வொரு முறையும் டென்னிஸ் சங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். பரிசுப் பணத்தில் சங்கத்துக்குப் பங்கு. அமெரிக்க வீராங்கனைகளோடு ரொம்பச் சேர்கிறாள், அமெரிக்கக்காரி மாதிரி ஆகிவிட்டாள் என்று புகார் வேறு. அந்த வருட யு.எஸ். ஓபனுக்கே விடுவார்களா மாட்டார்களா என்று கடைசி வரை இழுத்தடித்தார்கள்.

செப்டம்பர் மாதம் நியூயார்க்கில் அரையிறுதி. எவர்ட்டிடம் 6-4, 6-4 என்று தோற்றார். தோற்ற கையோடு மன்ஹாட்டனில் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய், அரசியல் தஞ்சம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். நள்ளிரவில் முள்வேலி தாண்டினார், துப்பாக்கிச் சூடு என்றெல்லாம் எதுவும் இல்லை. ஒரு அலுவலகம், சில படிவங்கள், கேள்விகள். ஆனால் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அம்மா, அப்பா, தங்கை யாரையும் மறுபடி எப்போது பார்ப்போம் என்று தெரியாது.

அந்தப் பக்கம் சங்கம் சொன்னது, திரும்பி வந்து பள்ளிப் படிப்பை முடி என்று. உலகத்தில் முதல் நாலைந்து பேரில் ஒருத்தியாக ஆடுகிற பெண்ணிடம்!

இதைக் கம்யூனிசத்துக்கு எதிரான பெரிய கலகம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசியல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எந்தப் போட்டியில் ஆடுவது என்பதை மேஜைக்குப் பின்னால் இருக்கும் நாலு பேர் முடிவு செய்வதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. விளையாட்டுச் சங்கங்களின் அழகை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இது புரியாமல் போகாது.

இவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. அதே நாட்டு ஆட்டக்காரர் யாரோஸ்லாவ் ட்ரோப்னி, 1949இல் சுவிட்சர்லாந்தில் ஆடப் போனவர் திரும்பவில்லை. எகிப்து பாஸ்போர்ட் கொடுத்தது. 1954இல் விம்பிள்டன் பட்டத்தை எகிப்தியராகத்தான் வாங்கினார்.

ஜூலை 5, சனி

நடப்பு சாம்பியன் கிரெய்ச்சிகோவாவும் காலி. மறுபடி அதே எம்மா நவாரோ, 2-6, 6-3, 6-4. ஒரே வாரத்தில் இரண்டு செக் சாம்பியன்களை வழியனுப்பி வைத்துவிட்டார். எழுத மூடு இல்லை.

ஜூலை 7, திங்கள்

நாட்டை விட்டு வந்ததும் ஆட்டம் ஜொலித்திருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. அமெரிக்கச் சாப்பாடு உடம்பில் நன்றாக ஒட்டியது. பர்கர், பேன்கேக். வயிற்றைச் சொல்லிப் பத்திரிகைகள் கிண்டல் பண்ணின. 1976இல் யு.எஸ். ஓபனில் முதல் சுற்றிலேயே தோற்று, கோர்ட்டிலேயே தேம்பி அழுதார். பதினெட்டு வயதில் ஒரு பெண் தனியாக ஒரு நாட்டுக்கு வந்தால், முதலில் வாழக் கற்றுக்கொள்ளவே இரண்டு வருடம் போகும்.

1978 விம்பிள்டன் இறுதி. இன்று முழுதாகப் பார்த்தேன். எதிரே எவர்ட், முதல் செட் 2-6. அடுத்தது 6-4. மூன்றாவது செட்டில் பின்தங்கியிருந்து, இழுத்துப் பிடித்து 7-5. முதல் பட்டம். செக்கோஸ்லோவாக்கியப் பத்திரிகைகளில் அவர் பெயரே வரவில்லை. அந்த நாட்டைப் பொறுத்தவரை அப்படி ஒரு ஆள் இல்லை. பெற்றோர் மேற்கு ஜெர்மனி டிவி எட்டும் எல்லைப் பக்கமாகக் காரை ஓட்டிப் போய்த்தான் மகள் ஜெயிப்பதைப் பார்த்தார்கள்.

1979இல் அம்மாவுக்கு மட்டும் லண்டன் வர அனுமதி கிடைத்தது. மகள் இரண்டாவது முறை கோப்பையைத் தூக்கியபோது அம்மா அரங்கில் இருந்தார். அப்புறம் குடும்பமே அமெரிக்காவில் டல்லஸுக்கு வந்தது. ஆனால் ஒட்டவில்லை, சில மாதங்களில் பெற்றோர் திரும்பிப் போய்விட்டார்கள். இதைப் பற்றி அதிகம் பேர் எழுதுவதில்லை. பிரிந்தவர்கள் சேர்ந்ததோடு கதையை முடித்துவிடுவார்கள்.

அமெரிக்கக் குடியுரிமை 1981 ஜூலையில் கிடைத்தது. அதுவரை பெண்களோடு தனக்கு இருந்த உறவைப் பற்றி வெளியே வாய் திறக்க முடியாது. அன்றைய அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி அதையே காரணம் காட்டித் தட்டிக்கழிக்க முடியும். குடியுரிமை கிடைத்த கொஞ்ச நாளில் நியூயார்க் பத்திரிகை ஒன்று செய்தியைப் போட்டுவிட்டது. விளம்பர ஒப்பந்தங்கள் பெரிதாக வரவில்லை. ஒரு அரசாங்கம் ஆட விடவில்லை என்று வந்தவர், இன்னொரு அரசாங்கத்துக்குப் பயந்து ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அந்த வருட யு.எஸ். ஓபன் இறுதியில் டிரேசி ஆஸ்டினிடம் 1-6, 7-6, 7-6 என்று தோற்றார். பரிசளிப்பில் கூட்டம் எழுந்து கைதட்டியது, இவர் அழுதார். அந்த ஊர்க்காரராகத் தன்னை அவர்கள் ஏற்றுக்கொண்டது அன்றுதான்.

ஜூலை 10, வியாழன்

கலப்பு இரட்டையர் இறுதியில் சினியாகோவா ஜோடி ஜெயித்தது. அப்பாடா, ஒரு செக் பெயராவது.

இதைப் பார்த்ததும் 2003 நினைவுக்கு வந்தது. மார்ட்டினாவும் லியாண்டர் பயஸும். லியாண்டர் சென்னையில் பிரிட்டானியா அமிர்தராஜ் அகாடமியில் தேறியவர், கொஞ்சம் நம்ம ஊர்ப் பிள்ளை. அந்த ஜனவரியில் இருவரும் ஆஸ்திரேலிய ஓபன் கலப்பு இரட்டையரை ஜெயித்தார்கள். மார்ட்டினாவிடம் இல்லாமல் இருந்தது அந்த ஒரு கோப்பைதான். நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் ஒற்றையர், இரட்டையர், கலப்பு என்று எல்லாம் கைக்கு வந்துவிட்டன. ஜூலையில் விம்பிள்டனும். அது அவருடைய 20ஆவது விம்பிள்டன் பட்டம், பில்லி ஜீன் கிங்கின் கணக்குக்குச் சமம். வயது 46.

அந்த ஆட்டத்தில் லியாண்டர் நெட்டில் குறுக்கே பாயும்போதெல்லாம், இவர் ஒன்றும் பேசாமல் பின்னால் விட்ட இடத்துக்குப் போய் நிற்பதைக் கவனிக்க வேண்டும். பந்து அடிப்பதற்கு முன்பே கால் அங்கே இருக்கும். 2006இல் பாப் பிரையனோடு யு.எஸ். ஓபன் கலப்பு ஜெயித்தபோது ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம்தான் பாக்கி. மொத்தம் 59 கிராண்ட்ஸ்லாம் பட்டம்: ஒற்றையர் 18, இரட்டையர் 31, கலப்பு 10.

ஜூலை 12, சனி

எட்டரை மணிக்கு மகளிர் இறுதி ஆட்டம். சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று போன அக்கா வருவதற்குள் முடிந்துவிட்டது. ஷ்வியான்டெக் 6-0, 6-0. 57 நிமிடம். அனிசிமோவா முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. விம்பிள்டன் மகளிர் இறுதியில் 1911க்குப் பிறகு இப்படி நடக்கவில்லையாம்.

மருமகளுக்குக் கோபம். "இதுக்கப்புறம் எப்படி மாமா ஆடுவாங்க?"

1981இல் அமெரிக்காவில் அமீலியா ஐலண்டில் ஒரு இறுதி ஆட்டம். மார்ட்டினா ஏற்கெனவே இரண்டு விம்பிள்டன் வாங்கியவர். எதிரே எவர்ட். 6-0, 6-0. களிமண் கோர்ட்டில் எவர்ட் அவரைத் தரையோடு தேய்த்துவிட்டார். அதற்குப் பிறகுதான் உண்மையான மார்ட்டினா வருகிறார். கூடைப்பந்து வீராங்கனை நான்சி லீபர்மன் கூடவே இருந்து ஓட விட்டார், எடை தூக்க வைத்தார். ரெனே ரிச்சர்ட்ஸ் ஆட்ட நுணுக்கத்தைச் சரிசெய்தார். சாப்பாட்டுக்கு ஒரு நிபுணர். இன்று சாதாரண வீராங்கனைக்குக்கூட இப்படி ஒரு பட்டாளம் உண்டு. அன்று அது புதுசு.

பலன்: 1983இல் ஆடிய 87 ஒற்றையர் ஆட்டத்தில் தோற்றது ஒன்றே ஒன்று. 1984இல் தொடர்ந்து 74 வெற்றி. எவர்ட்டோடு மொத்தக் கணக்கு 43-37, இவர் பக்கம். அந்த 74ஐ நிறுத்தியது யார் தெரியுமா? பத்தொன்பது வயது ஹெலனா சுகோவா, பிராக் பெண். அவர் அம்மா வேரா சுகோவா 1962 விம்பிள்டன் இறுதியில் ஆடியவர். போன இடத்தில் யாரும் தடுக்க முடியாதவரை, விட்டு வந்த ஊர்ப் பெண் வந்து தடுத்தார்.

எங்கள் வீட்டில் தூர்தர்ஷனில் இந்த மார்ட்டினாவைப் பார்த்திருக்கிறோம். 1987, கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்டெஃபி கிராஃபோடு ஆடிய இறுதி. வீடு முழுக்க ஸ்டெஃபி கட்சி. மார்ட்டினாவின் கைச் சதையைப் பார்த்து "ஆம்பளை மாதிரி" என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இன்று எங்கள் வீட்டுப் பெண்ணே டம்பெல் வாங்கித் தா என்கிறாள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கடைசிக்கு வைத்திருந்தது பிராக், 1986. ஃபெடரேஷன் கோப்பையை அந்த வருடம் நடத்தியது செக்கோஸ்லோவாக்கியா. வல்ட்டாவா ஆற்றின் நடுவே ஷ்ட்வானிட்செ தீவில் புத்தம் புது ஸ்டேடியம். அமெரிக்க அணியில் மார்ட்டினா. பதினொரு வருடம் கழித்து ஊருக்கு வருகிறார், அமெரிக்கப் பாஸ்போர்ட்டில். முழங்கால் வலியோடு எவர்ட்டும் கூட வந்திருந்தார்.

அதிகாரிகளுக்குப் பெரிய தலைவலி. விசா கொடுத்தாயிற்று, பெயரை எப்படிச் சொல்வது? அம்பயர் மைக்கில் அறிவித்தார்: என் இடது பக்கம், அமெரிக்காவைச் சேர்ந்த பெண் ஆட்டக்காரர். அவ்வளவுதான். கூட்டத்தில் ஒருவருக்காவது தெரியாதா என்ன? சொந்த நாட்டு அணிக்கு எதிராக நிற்கிறவருக்கு ஆரவாரம் செய்து தீர்த்துவிட்டார்கள். இறுதியில் அமெரிக்கா 3-0. செக்கோஸ்லோவாக்கியாவின் ஹானா மாண்ட்லிகோவாவை மார்ட்டினா 7-5, 6-1 என்று ஜெயித்தார்.

இதில் ஒரு வேடிக்கை. அரசாங்கம் பெயரைச் சொல்லி அறிவித்த ஹானா, அதே வாரம் பிராகில் ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார், 1988இல் ஆஸ்திரேலியக் குடிமகளாகிவிட்டார். செக்கோஸ்லோவாக்கியாவின் இன்னொரு பெரிய ஆட்டக்காரர் இவான் லெண்டல் அமெரிக்காவில் வீடு கட்டி உட்கார்ந்துவிட்டு, 1992இல் அந்த நாட்டுக்காரரானார். ஒருத்தி பெயரை மறைத்து என்ன பயன், வரிசையாக எல்லோரும் போனார்கள்.

மருமகள் கேட்டாள்: "இப்ப அங்க எப்படி மாமா?" 2022இல் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் சென்னை ஓபன் ஜெயித்த லிண்டா ஃப்ருவிர்டோவாவை ஞாபகப்படுத்தினேன். பதினேழு வயது செக் பெண். கோப்பையோடு விமானம் ஏறிப் போய்விட்டாள், யாரிடமும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கவில்லை.

மார்ட்டினாவுக்குச் செக் குடியுரிமை 2008இல் திரும்பக் கிடைத்தது. அமெரிக்கக் குடியுரிமையை விடவில்லை, இரண்டும் வைத்திருக்கிறார். சரி, சின்னரும் அல்காரஸும் கோர்ட்டுக்குள் வந்துவிட்டார்கள். நான் அல்காரஸ், மருமகள் சின்னர். ஐம்பது ரூபாய் பந்தயம்.