அம்மாவின் மார்ஃபினும் ஒரு பூட்டுப் பெட்டியும்

ஜூன் 4, 2025

அம்மாவுக்கு இன்று மார்ஃபின் என்ற வலுவான வலிமருந்து எழுதிக் கொடுத்தார்கள். புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் பரவிய பிறகு அவள் இரவில் நேராகப் படுத்ததே இல்லை. டிரமடால் என்ற வலிமாத்திரை ஒரு கட்டத்துக்கு மேல் எடுபடவில்லை. மார்ஃபின் என்றதும் தம்பியின் முகம் மாறிவிட்டது. "அது கடைசி நேரத்துல குடுக்கிறது இல்லையா டாக்டர்?" என்றான். வலி எவ்வளவோ அதற்குத் தக்க மருந்து, எத்தனை நாள் இருப்பார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வெளியிட்ட புற்றுநோய் வலிக்கான படிநிலையிலேயே, அதாவது வலி ஏற ஏற எந்த மருந்துக்குப் போக வேண்டும் என்ற வரிசையிலேயே, மார்ஃபின் இருக்கிறது. இன்னும் எத்தனை வீடுகளில் இந்தப் பயத்தால் மனிதர்கள் வலியோடு கிடக்கிறார்களோ.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை. மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் முதல் நாளிலிருந்தே அதற்கும் மருந்து. கிளம்பும்போது சிஸ்டர் கேட்ட கேள்விக்குத்தான் எங்கள் இருவரிடமும் பதில் இல்லை: "வீட்டுல இதை எங்க வைப்பீங்க?"

ஜூன் 5

அம்மா தூங்கினாள். விடியும்வரை தூங்கினாள். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

காலையில் முதல் வேலையாகச் சாவியுள்ள சின்ன இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி வந்தான் தம்பி. குளியலறை அலமாரி வேண்டாம். அங்கே ஈரமும் சூடும் மருந்தைக் கெடுக்கும், வருகிறவர்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாக இருக்கும் இடமும் அதுதான். கைப்பையும் வேண்டாம், குழந்தைகள் முதலில் குடைவது அதைத்தான். அம்மாவின் தலைமாட்டு மேசையும் வேண்டாம் என்றபோது அவளுக்குக் கோபம் வந்தது.

"என் மருந்த எங்கிட்டயே பூட்டி வைக்கிறியா? நான் என்ன திருடியா?"

"உங்கிட்ட இருந்து பூட்டலம்மா. உனக்காகத்தான் பூட்டுறேன். இது காணாமப் போனா அடுத்த சீட்டு வாங்கறவரைக்கும் வலியோட கிடக்கப் போறது நீதான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சாவி எங்க இருக்கும்னு மட்டும் எனக்குத் தெரியணும்" என்றாள். நியாயமான பேச்சு. பூட்டில் இருக்கும் உண்மையான ஆபத்தும் அதுதான். நடுராத்திரி வலி ஏறும்போது சாவியைத் தேடும் நிலை வரக்கூடாது. ஒரு சாவி என் கழுத்துச் செயினில், இன்னொன்று தம்பியிடம். இருவரும் ஒரே நேரத்தில் வீட்டை விட்டுப் போவதில்லை.

பெட்டிக்குள் ஒரு நோட்டும் வைத்தோம். எடுத்த நேரம், எத்தனை மாத்திரை, மீதி எவ்வளவு, கொடுத்தவர் யார். மீதி குறைந்தால் உடனே தெரியும். ஒரே வேளைக்கு இருவரும் கொடுத்துவிடுவதையும் இது தடுக்கும்.

ஜூன் 8

அக்கா அடுத்த வாரம் பையனோடு வருகிறாள். அவனுக்கு இரண்டரை வயது. "குழந்தைங்க திறக்க முடியாத மூடி போட்ட டப்பா இருக்கே, அதுல போட்டா போதாதா?" என்று போனில் கேட்டாள்.

போதாது. அமெரிக்காவில் 1970-இல் இத்தகைய மூடிகளுக்காகச் சட்டம் வந்தது. அங்கே இதைச் சோதிக்கும் முறை என்ன தெரியுமா? ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளிடம் டப்பாவைக் கொடுத்துப் பத்து நிமிடம் பார்க்கிறார்கள். திறக்கும் விதத்தைக் காட்டிய பிறகும் நூற்றுக்கு 80 பேரால் திறக்க முடியாவிட்டால் அந்த மூடி தேறிவிடும். மீதி 20 பேர் திறந்திருக்கலாம்! அந்த மூடி வாங்கித் தருவது சில நிமிட அவகாசம் மட்டுமே. அம்மாவின் மாத்திரையோ அட்டையில் வருகிறது, அதற்கு மூடியே கிடையாது.

இன்னொன்றையும் அக்காவிடம் சொன்னேன். அவள் பையில் ஏதாவது மாத்திரை இருந்தால் வந்ததும் என்னிடம் தரவேண்டும். விருந்தாளியின் பை வீட்டின் பூட்டுக்குள் அடங்காது.

ஜூன் 14

சித்தப்பா அம்மாவைப் பார்க்க வந்தார். முதுகுவலி அவருக்குப் பல வருஷமாக. அம்மா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து பேசுவதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணிக்குக் குடுக்குற மாத்திரையில ஒண்ணு எனக்கும் குடும்மா. இன்னிக்கு ராத்திரிக்கு மட்டும்."

"முடியாது சித்தப்பா."

"ஒண்ணுதானே கேக்குறேன்."

அவர் முகம் சுருங்கியது. எனக்கும் வருத்தம்தான், சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர். உட்கார வைத்து விளக்கினேன். அம்மாவின் அளவு படிப்படியாக ஏற்றப்பட்டது, அவள் உடல் அதற்குப் பழகியிருக்கிறது. பழக்கமில்லாத உடலில் இந்த வகை மருந்து மூளையில் மூச்சை நடத்தும் இடத்தையே மந்தமாக்கும். சித்தப்பா தூக்கத்துக்கு வேறு மாத்திரை போடுகிறார், குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வரும் தொந்தரவும் உண்டு. இந்த மூன்றும் சேர்ந்தால் அவர் தூங்குகிறார் என்றுதான் பக்கத்தில் படுத்திருப்பவர் நினைப்பார். மருத்துவரிடம் நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், திங்கள்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன்.

இந்த மருந்துகள் தவறான கைக்குப் போவதற்குத் திருடன் தேவையில்லை. பாசத்தில் கொடுக்கும் ஒரு மாத்திரை போதும். இல்லை என்று சொல்ல வேண்டியிருப்பது நமக்குப் பிடித்தவர்களிடம்தான் என்பதால் முதலிலேயே மனசைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இரவு தம்பிக்கும் அக்காவுக்கும் அபாய அறிகுறிகளை எழுதிக் கொடுத்தேன்: தட்டினாலும் எழாமை, மிக மெதுவான அல்லது விட்டுவிட்டு வரும் மூச்சு, உதடும் நகமும் நீலமாதல், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல். யாருக்கு இப்படி இருந்தாலும் உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும். இந்த வகை மருந்தின் வேலையை முறிக்கும் நலாக்சோன், மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவும் ஊசியாகவும் இருக்கிறது. அதன் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் அடங்கிவிடும், உள்ளே இருக்கும் மருந்தோ அதற்கு மேலும் நிற்கலாம். கண் திறந்துவிட்டார் என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடக்கூடாது.

ஜூன் 21

நோட்டும் அட்டையும் ஒத்துப்போகின்றன. அம்மா நடுக்கூடம்வரை நடந்து வந்தாள்.

ஜூன் 27

விழுங்குவது கஷ்டமாகிவிட்டது. மார்ஃபின் மாத்திரைக்குப் பதில், அதே வகை மருந்தான ஃபென்டனில் உள்ள பேட்ச். தோலில் ஒட்டினால் 72 மணி நேரம் மருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். ஒட்டியவுடன் வேலை செய்யாது, அளவு ஏறப் பல மணி நேரம் ஆகும். அதுவரைக்கும், இடையில் திடீரென்று ஏறும் வலிக்கும், கரைசலாகக் கொஞ்சம் மார்ஃபின் இருக்கட்டும் என்று தந்திருக்கிறார்கள். மில்லிகிராமையும் மில்லிலிட்டரையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, சிஸ்டர் அளவுக் குழலிலேயே கோடு போட்டுக் கொடுத்தார்.

பேட்ச் சின்னது, மெல்லியது, படம் ஒட்டும் ஸ்டிக்கர் மாதிரி இருக்கிறது. அதுதான் கவலை. பேட்சை வாயில் போட்ட, மேலே ஒட்டிக்கொண்ட குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2012-இல் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. பெரியவர் தோலிலிருந்து நழுவி, கட்டிப்பிடித்துத் தூங்கும் குழந்தையின் மேல் ஒட்டிக்கொள்வதும் நடக்கும். அக்கா பையன் பாட்டியின் மார்பில் ஏறிப் படுப்பவன். அதனால் அவன் கை எட்டாதபடி முதுகின் மேல்பக்கம் ஒட்டினோம், அம்மா ரவிக்கைக்கு அடியில். காலையும் மாலையும் தொட்டுப் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும்.

சூடும் ஆகாது. வெந்நீர்ப் பை, மின்சாரப் போர்வை, நீண்ட வெந்நீர்க் குளியல் எல்லாமே பேட்சிலிருந்து மருந்தை வேகமாக இழுக்கும். காய்ச்சல் வந்தாலும் அதே கதைதான், உடனே அழைக்கச் சொன்னார்கள்.

ஜூன் 30

முதல் பேட்சை எடுத்துப் புதியதை வேறு இடத்தில் ஒட்டினோம். எடுத்ததைத் தம்பி குப்பைக் கூடையை நோக்கிக் கொண்டுபோனான், வழியிலேயே பிடித்து நிறுத்தினேன். மூன்று நாள் ஆன பேட்சிலும் ஒரு குழந்தையைக் கொல்லப் போதுமான மருந்து மிச்சம் இருக்கும். பசையுள்ள பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து அழுத்தி ஒட்ட வேண்டும். பிறகு கை கழுவ வேண்டும்.

மடித்த பிறகு எங்கே போடுவது என்பதில் நாடுகளே ஒன்றுபடவில்லை. முடிந்தால் முதல் வழி திருப்பிக் கொடுப்பதுதான். அது உடனே முடியாவிட்டால், குறிப்பிட்ட சில ஆபத்தான மருந்துகளைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம். ஃபென்டனில், மார்ஃபின், ஆக்ஸிகோடோன், மெத்தடோன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பிரிட்டனில் தண்ணீரில் விடாதீர்கள், மருந்தகத்தில் கொடுங்கள் என்கிறார்கள். ஆற்றுக்குப் போகுமே என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனாலும் ஒரு குழந்தை நடமாடும் வீட்டில், திருப்பிக் கொடுக்க வழியே இல்லாத இரவில், கூடையில் கிடக்கும் பேட்சைவிடத் தண்ணீரில் போனது மேல் என்றே நினைக்கிறேன். எங்களுக்கு மருத்துவமனையிலேயே திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். எனவே மடித்த பேட்ச் உறைக்குள், உறை பூட்டுப் பெட்டிக்குள்.

ஜூலை 3

நின்றுபோன மார்ஃபின் மாத்திரைகளில் ஒன்றரை அட்டை மீதி. "வச்சிருப்போம், எப்பவாவது ஆகும்" என்றாள் அக்கா. எல்லா வீட்டிலும் எழும் நினைப்புதான். அறுவைச் சிகிச்சைக்குப் பின் இத்தகைய மருந்து பெற்றவர்களைப் பற்றிய ஆய்வுகளை 2017-இல் தொகுத்துப் பார்த்தபோது, 67 முதல் 92 சதவீதம் பேரிடம் மருந்து மிஞ்சியிருந்தது. பூட்டி வைத்தவர்கள் குறைவு. அந்த மிச்சம்தான் அலமாரியில் வருஷக்கணக்கில் கிடந்து, வீட்டுப் பதின்வயதுப் பிள்ளையின் கையிலோ, இன்னொரு சித்தப்பாவின் கையிலோ போய்ச் சேருகிறது.

தம்பி எண்ணி, நோட்டில் எழுதி, மடித்த பேட்சோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். வாங்கியவரின் கையெழுத்தும் நோட்டில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க இடமே இல்லாதவர்களுக்கு, கழிப்பறைப் பட்டியலில் இல்லாத மற்ற மாத்திரைகளைப் பொடிக்காமல் மண்ணோடோ காப்பிச் சக்கையோடோ கலந்து, பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடும் முறை உண்டு என்று சிஸ்டர் சொல்லியனுப்பினாராம். போடுமுன் அட்டையிலும் டப்பாவிலும் இருக்கும் பெயரைக் கிழித்துவிட வேண்டும்.

கரைசல் மட்டும் பெட்டியில் இருக்கிறது, அது அம்மாவுக்கு இன்னும் வேண்டும். நாளை நான் ஊருக்குப் போவதால் என் சாவி அக்காவிடம். இன்று மாலை அவளை உட்கார வைத்துக் குழலில் கோடுவரை இழுக்கச் சொல்லி, நோட்டில் எழுதச் சொல்லிப் பார்த்தேன். அம்மா கட்டிலிலிருந்து மேற்பார்வை பார்த்தாள். "நேரத்தையும் எழுதுடி" என்றாள்.