மொத்தம் ஒத்துவராத பூத்

‘ஊர் முழுக்கக் கள்ள ஓட்டு’ என்று யாராவது சொன்னால், வாக்காளர் பட்டியலில் எந்தப் பாகம் (ஒரு பூத்துக்கு உரிய பகுதி), எந்த வரிசை எண் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் புகார் அங்கேயே நின்றுவிடும். மீதியைக் காகிதத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பட்டியல். குடியாத்தம் பக்கம் ஒரே பாகத்தில் முருகன், தந்தை கோவிந்தன் என்று இரண்டு பேர் இருப்பது சாதாரணம். வயது, வீட்டு எண், புகைப்படம் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் அதை இரட்டைப் பதிவு என்று சொல்ல முடியாது. பெங்களூருக்குக் குடிபோனவர், இறந்தவர் பெயர்கள் நீங்காமல் இருக்கும். அது பட்டியலின் குறை. யாரும் அந்தப் பெயரில் ஓட்டுப் போடாதவரை மோசடி ஆகாது. போட்டிருந்தால், ஓட்டுப் போட வந்தவர்களைக் குறிக்கும் 17ஏ பதிவேட்டில் அந்த வரிசை எண்ணுக்கு எதிரே கையெழுத்தோ ரேகையோ இருக்கும். சீல் வைத்த அந்தப் பதிவேட்டுக் கட்டை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பிரிக்க மாட்டார்கள். தேர்தல் வழக்குக்கோ முடிவு வந்த நாளிலிருந்து 45 நாள்தான்.

பூத்தில் வேட்பாளர் சார்பில் உட்காரும் ஏஜென்ட்டின் வேலையே சாயங்காலம்தான். ‘க்ளோஸ்’ அழுத்தியதும் ஓட்டு மெஷினின் கன்ட்ரோல் யூனிட்டில் மொத்தம் 732, பதிவேட்டில் 733 என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்துப் போட்டுவிட்டு பட்டனை அழுத்தாமல் போனவர் ஒருவர். பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கான 17சி படிவத்தில் அது பதிவாகியிருக்க வேண்டும். மெஷினில் 50 கூடுதலாகக் காட்டினால் கதை வேறு: மெஷினைச் சோதிக்கக் காலையில் நடத்திய மாதிரி வாக்குப்பதிவின் 50 ஓட்டை ‘க்ளியர்’ செய்ய மறந்திருக்கிறார்கள். 17சி நகல் கையில் இருந்தால் இதை எண்ணும் மேசையில் அந்த நிமிடமே காட்டலாம். பிரியாணிப் பொட்டலம் வந்தது என்று நகல் வாங்காமல் கிளம்பிவிட்டு, பிறகு ‘மெஷினை மாத்திட்டாங்க’ என்பவர்களை என்ன செய்வது? தபால் ஓட்டையும் சேர்த்துக் கூட்டிவிட்டு ‘போட்டதைவிட எண்ணியது அதிகம்’ என்பவர்களும் உண்டு. தபால் ஓட்டு 17சி-யில் வராது.

தன் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டதாக வருபவர் அடையாளத்தை நிரூபித்தால் அவருக்கு மெஷின் இல்லை, தாளில்தான் ஓட்டு; இதுதான் டெண்டர் ஓட்டு, 17பி படிவத்தில் பதிவாகும். கள்ள ஓட்டு எவ்வளவு என்று அறிய நம்பத்தக்க முதல் தடயம் அந்தப் படிவம். பலரும் அதைக் கேட்பதே இல்லை.

2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதியில் ஆகஸ்ட் 5 வாக்குப்பதிவு, வெற்றி வித்தியாசம் 8,141 ஓட்டு. ஆறு சட்டமன்றப் பகுதிக்கும் தலா 5 விவிபேட் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிடும் கருவி) எண்ணிச் சரிபார்ப்பு. ஆனால் அதே தேர்தல் முதலில் ஏப்ரல் 18-ல் நடக்க வேண்டியது. 16-ம் தேதி ரத்தானது, ஒரு ஓட்டுகூட விழும் முன்பே. காரணம் மெஷின் இல்லை, பட்டியலும் இல்லை: பிடிபட்ட 11 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கம்.