பைக்கும் ஒரு சீட்டுக் காசு

இலங்கையின் வெல்லவாயவில் இறங்கி அரை மணி நேரம் ஆகிறது, வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எல்லவிலிருந்து இங்கே முப்பது கிலோமீட்டர்கூடக் கிடையாது. அந்தத் தூரத்துக்கு என் முதுகுப் பைக்கும் சேர்த்து ரெண்டு சீட்டுக் காசு வாங்கிவிட்டார் அந்த மினி பஸ் நடத்துநர். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று சைகை காட்டினேன். "பேக், சீட், சல்லி" என்று மூன்றே வார்த்தை சொன்னார். சல்லி என்றால் காசு. இலங்கையில் எந்த மொழிக்காரரிடமும் செல்லுபடியாகும் வார்த்தை அது. கொடுத்தேன். கொடுத்துவிட்டு, காசு கொடுத்த சீட்டில் பையை ராஜா மாதிரி உட்கார வைத்தேன். அடுத்த நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏற, பை என் மடிக்கே வந்தது. காசு மட்டும் திரும்பி வரவில்லை.

ஒன்பது நாள், தங்கல், சாப்பாடு, பயணம் எல்லாம் சேர்த்து நாளுக்கு நம்ம காசு இரண்டாயிரம் என்று கணக்குப் போட்டு வந்தவன் நான். நம்ம ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றரை ரூபாய் கிடைக்கிறது. முதல் நாள் பர்ஸைப் பார்த்தால் பெரிய பணக்காரன் போலத் தோன்றும், மூன்றாம் நாள் அந்த மயக்கம் தெளிந்துவிடும்.

கண்டியிலிருந்து எல்லவுக்கு ரயிலில் போ என்றுதான் எல்லாரும் பாட்டுப் பாடுகிறார்கள். முன்பதிவுச் சீட்டு ஒன்றுகூட மிச்சமில்லை. வெளியே ஒருவர் ரகசியக் குரலில் ஒரு விலை சொன்னார், அந்தக் காசில் நான் மூன்று நாள் சாப்பிடலாம். சரி, பஸ் என்று முடிவு செய்தேன். சொன்னால் நம்புங்கள், அதுதான் இந்தப் பயணத்தில் நான் எடுத்த ஒரே புத்திசாலித்தனமான முடிவு.

அதிலும் சிவப்பு பஸ். 1958-இல் தனியார் பஸ்களை அரசு கையில் எடுத்தபோது உருவான போக்குவரத்துச் சபையின் வாரிசு. அந்தப் பழைய சபையின் ஆங்கிலச் சுருக்கமான 'சி.டி.பி.' என்றால்தான் இங்கே சட்டென்று புரிகிறது. ஏறியதும் இன்ஜின் சத்தம் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தால் நம்ம அசோக் லேலண்ட். பையை இன்ஜின் பக்கம் போடச் சொன்னார்கள், அதற்குக் காசு கேட்கவில்லை. ஓட்டுநருக்கு அருகில் முன் சீட் காலியாக இருக்கவே, அதிர்ஷ்டம் என்று உட்கார்ந்தேன். கம்பளையில் ஒரு பிக்கு ஏறினார். பஸ்ஸே என்னைப் பார்த்தது. மதகுருமாருக்கான சீட் என்று தலைக்கு மேலே எழுதியிருக்கிறது, தமிழிலும்தான். அத்தனை நேரம் அதன் கீழேயே உட்கார்ந்து சிங்கள எழுத்தை ரசித்துக்கொண்டு வந்திருக்கிறேன்! புசல்லாவை, ரம்பொடை வளைவுகள், அருவி, லபுக்கலைத் தேயிலைச் சரிவு எல்லாவற்றையும் நின்றுகொண்டே பார்த்தேன். நின்றால் குனிந்துதான் ஜன்னலைப் பார்க்க வேண்டும், கழுத்து போய்விடும்.

நுவரெலியாவில் குளிர், பிரிட்டிஷ்காரன் கட்டிய தபால் நிலையம், விலைவாசி. ஒரு ராத்திரி போதும். ஆனால் அங்கே ஒரு டீக்கடையில் தேநீர் கேட்டதற்கு ரோல்ஸ், வடை, கட்லட், மீன் பணிஸ் என்று ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நான் கேட்கவே இல்லையே என்று பதறிப்போனேன். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்: "தின்னதுக்கு மட்டும் காசு, மிச்சம் அலுமாரிக்குப் போயிரும்." ரெண்டு ரோல்ஸ் தின்றேன். மொறுமொறுப்பு, உள்ளே மிளகுக் காரத்தோடு மீனும் உருளைக்கிழங்கும். மூன்றாவதையும் தின்றேன். தேநீர்தான் ஏமாற்றம்: சுற்றிலும் தேயிலை மலை, கோப்பையில் பால்மாவைக் கலக்கித் தருகிறார்கள். அதற்குப் பிறகு இஞ்சி போட்ட, பாலில்லாத பிளேன்டீக்கு மாறிவிட்டேன்.

வெலிமடை வழியாக அப்புத்தளை. தேயிலை முதலாளி லிப்டன் உட்கார்ந்து மலையைப் பார்த்த இடமான லிப்டன் சீட் பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸில் தம்பேதன்னை தொழிற்சாலை வரை போய், அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் மேலே நடக்க வேண்டும். மூடுபனி ஏறுவதற்குள் போனால்தான் உண்டு. காலை ஆறரைக்கே தெருவுக்கு வந்துவிட்டேன். ஓர் ஆட்டோக்காரர், நல்ல தமிழில், "அண்ணே, இன்னைக்கு பஸ் ஓடாது. மேல போய்வர அஞ்சாயிரம். நீங்க நம்ம ஆளு, மூவாயிரத்தைந்நூறு குடுங்க" என்றார். நம்ம ஆளு என்றதில் கொஞ்சம் ஆடித்தான் போனேன். பர்ஸைத் திறக்கும் நேரம், ஓடாத பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நூறு ரூபாய் கொடுத்தேன், மிச்சம் தந்தார்கள்!

பஸ் முழுக்கத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள். பக்கத்தில் இருந்தவருக்கு ஐம்பதுக்கு மேல் வயதிருக்கும், இடுப்பில் கட்டும் படங்கைச் சுருட்டி மடியில் வைத்திருந்தார். விரல் நுனியெல்லாம் கறுத்து, நகத்தை ஒட்டிக் கோடு கோடாக வெடித்திருந்தது. "எங்கருந்து வாரீங்க தம்பி?" என்றார். திருச்சி என்றேன். "எங்க தாத்தாவும் அந்தப் பக்கந்தான்." அவருடைய அத்தை குடும்பம், தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தத்தில், தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனது, இப்போது கோத்தகிரியில். "அங்கயும் கொழுந்துதான் பறிச்சாங்களாம்" என்று சொல்லிச் சிரித்தார். மழை வந்தால் கிலோ குறையும், குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள் என்றார். அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். நான் சீட்டுக் காசுக்கும் ஆட்டோவுக்கும் புலம்பிக்கொண்டு அலைகிறேன்.

லிப்டன் சீட்? காட்சி அருமை, ஒரே கால் மணி நேரம். அப்புறம் பனி மூடி, பெஞ்சில் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் லிப்டன் சிலையும் நானும் மட்டும்தான்.

திரும்பி அப்புத்தளையில் இறங்கினால் அதே ஆட்டோக்காரர், டீக்கடை வாசலில். "பஸ் ஓடுதே அண்ணே" என்றேன். "நேத்து ஓடல" என்றார், முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். என் பிளேன்டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டார், எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. சரி, அது வேறு கணக்கு. மூவாயிரத்தைந்நூறு கேட்டது கேட்டதுதான்.